செம்பு குடித்த மூச்சு

உருகின செம்பு பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீர் மாதிரி தன் பாட்டுக்குக் கிடக்காது. அது மூச்சு வாங்கும். அதை உருக்குகிற மூசைப் பானையைத் திறந்துவைத்துப் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டால் கொட்டாவியைக் குடிக்கும், தும்மினால் தும்மலைக் குடிக்கும், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி பேசினால் அதையும் சப்புக்கொட்டிக் குடிக்கும். குடித்ததை எல்லாம் வயிற்றுக்குள் அடக்கிவைத்துக்கொண்டு, மண் அச்சில் ஊற்றி ஆறப்போகும்போதுதான் 'தாங்கலைடா சாமி' என்று வெளியே விடப் பார்க்கும்; அதற்குள் மேல்தோல் இறுகிவிட்டிருக்கும்; விட முடியாத மூச்செல்லாம் உள்ளேயே கொப்புளம் கொப்புளமாக நின்றுபோய், வார்த்த சாமான் வெளியே மினுமினுவென்றும் உள்ளே ரஸ்க் ரொட்டி மாதிரியும் வந்து சேரும்.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே ஒண்டிப்பட்டறை வீதியில் இது கைப்பிள்ளைக்கும் தெரியும். அங்கே வீட்டுக்கு வீடு பின்னால் பொடக்காளியில் ஓர் உலை இருந்தது. துணி துவைக்கிற கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, வெட்டின டீசல் டிரம்முக்குள் களிமண் பூசி, கரி போட்டு, எந்தக் காலத்திலோ கல்யாணச் சீராக வந்த முடி காயவைக்கிற மெஷினை அடியில் சொருகிக் காற்று ஊதவிட்டு, கருகிப்போன மோட்டார்களின் செம்புக் கம்பியை உருக்கி விளக்கும் புஷ்ஷும் மணியும் வார்த்தார்கள். அந்த வீதியில் பிறந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்கிற சொல் அம்மா, இரண்டாவதாகக் கற்றுக்கொள்வது, "செம்பு உருகுது, வாய மூடு."

வாயை மூடுவதில் அந்த வீதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கதையே அதைப் பற்றித்தான்.

துளசிமணி வார்த்தால் பொத்தல் விழாது என்று பேர். செம்பு உருகினதும் மேலே கரித்தூளைப் போர்வை மாதிரி தூவுவாள். இறக்கும் முன்னால் முற்றத்துப் புங்கமரத்திலிருந்து பச்சைக் குச்சி ஒன்றை ஒடித்து, பட்டையோடு அப்படியே மூசைக்குள் விட்டுக் கிண்டுவாள். பச்சைக் குச்சி உள்ளே போனதும் செம்பு உலை அரிசி மாதிரி கொதகொதவென்று பொங்கி, குடித்த மூச்சை எல்லாம் கக்கும், கக்குகிற மூச்சு புகையோடு புகையாக எழும், அப்போது அவள், "மேக்கால வாங்க, மேக்கால வாங்க, பொகை பட்டா தொண்டை போயிரும்!" என்று கத்துவாள். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று என்பதால் மேற்கே நின்றால் புகை படாது. கடைசியில் கடுகளவு பாஸ்பரஸ் செம்பைத் துணுக்குக் காகிதத்தில் சுருட்டி உள்ளே போட்டு, ஒரு கரண்டி எடுத்துத் தரையில் சொட்டவிட்டுப் பார்ப்பாள். சொட்டு ஆறும்போது பூரி மாதிரி உப்பினால் உள்ளே மூச்சு இருக்கிறது. நடுவில் குழிந்தால் மூச்சு போய்விட்டது, ஊற்றலாம்.

அவள் வீட்டுக்காரர் மாசிலாமணி வெளியே ஒரு கம்பெனியில் கடைசல் வேலை பார்த்தார். தங்கமான மனுசர். வாழ்நாளில் அவர் பேசினதை எல்லாம் சேர்த்து உருக்கி வடிகட்டினால் இரண்டே சொல்தான் மிஞ்சும்: "விடு அம்முணி." பால்காரன் தண்ணீர் கலந்தால் விடு அம்முணி. சம்பளத்தைப் பிடித்தால் விடு அம்முணி. கூரை பறந்தாலும், பறக்கிற கூரையைப் பார்த்துக் கையை ஆட்டி, விடு அம்முணி.

அவர்கள் மகள் மேகலாவுக்குப் பத்தொன்பது வயது. வீதிக் கோடியில் இருந்த தெய்வசிகாமணி முதலாளியின் மோட்டார் கம்பெனியில் பிரஸ் ஓட்டப் போனாள். பிரஸ் என்றால் ஆளுயர இரும்புத் தலை, தடால் தடாலென்று இறங்கித் தகட்டை வில்லை வில்லையாக வெட்டும். தகட்டை வைக்கப் போகிற கை தலைக்கு அடியில் மாட்டாமல் இருக்க அதில் ஒரு காப்புக் கம்பி உண்டு. தலை இறங்கும் முன்னால் கம்பி வந்து கையைத் தட்டிவிடும். தட்டிவிட்டுத் தட்டிவிட்டு வேலை மெதுவாக ஓடுகிறது என்று முதலாளி நினைத்தார். ஒரு காலை கம்பி கழற்றப்பட்டது. மறுநாள் மேகலாவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆசுபத்திரியில் அவள் மயக்கம் தெளிவதற்குள் வீதிக்குள் ஒரு பேச்சு வந்து சட்டை போட்டு, தலை சீவி, பவுடர் பூசி உட்கார்ந்துவிட்டது. 'பொண்ணு போனப் பாத்துட்டே ஓட்டிருக்குதுங்க.' அதைப் பெற்றுப் பேரிட்டவர் சூப்பர்வைசர் ஆறுச்சாமி. கம்பியை ஸ்பானர் போட்டுக் கழற்றினதும் அவர்தான். "நாந்தானுங்க பக்கத்துல நின்னேன், போனு கையிலயே இருந்துச்சு, நாஞ் சொல்லச் சொல்லக் கேக்குல," என்று போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னார், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அன்றைக்கு மேகலாவின் போன் வீட்டில், அரிசிச் சட்டிக்குப் பக்கத்தில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

துளசிமணி வீடு வீடாகப் போனாள். முதலாளி கம்பியைக் கழற்றச் சொன்னபோது பிரஸ் ஹாலில் வீதியின் பாதி ஆட்கள் இருந்தார்கள். அவர் அதைக் காதோரம் கிசுகிசுக்கவில்லை, பிரஸ் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொன்னார்.

"நீங்க அங்கதான இருந்தீங்க? சொன்னாரா இல்லியா?"

"சத்தமா இருந்துச்சுங்களா, கேக்கலீங்க," என்றார் ஒருத்தர்.

"நானு அப்பத்தா வெளிய போனனுங்க. கேக்கலீங்க," என்றார் அடுத்தவர்.

பலகாரக் கடை பேபியக்கா பிரஸ் ஹாலுக்கு டீ கொண்டுபோனவள், நேரே நின்றவள். அவள் வடையைத் திருப்பிப் போட்டபடியே, "அம்முணி, எனக்கு இந்தப் பக்கத்துக் காது மந்தமாயிருச்சு கண்ணு. கேக்கல," என்றாள். போன வாரம்வரை ரெண்டு தெரு தள்ளி ஒரு சில்லறை விழுந்தால் எடுக்கப் போகிற காது அது.

கேக்கலீங்க, கேக்கலீங்க, கேக்கலீங்க. கோழி கொக்கரிக்கிற மாதிரி வீதி முழுக்க ஒரே சத்தம். துளசிமணி வீட்டுக்கு வந்து அம்மிக்கல்லைக் காலால் எத்தி விரலை உடைத்துக்கொண்டாள். மாசிலாமணி, "விடு அம்..." என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினார்.

கட்டிலில் கிடந்த மேகலா கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா, எனக்கு அவுங்க காசும் வேண்டாம், பண்டமும் வேண்டாம். நாந்தான் கழட்டச் சொன்னேன்னு அந்தாளு வாயால ஒருக்கா சொல்லோணும். நாலு பேரு முன்னால. அது போதும் எனக்கு."

இது நடந்த வருசம் பட்டத்தரசியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. திருப்பணிக் குழுத் தலைவர் வேறு யார், தெய்வசிகாமணி முதலாளிதான். வீட்டுக்கு வீடு செம்பு வாங்கி, ஒன்றாக உருக்கி, கோபுரத்துக்குக் கலசம் வார்க்க வேண்டும் என்பது அந்த வீதியின் வழக்கம். யார் வீட்டுச் செம்பும் விடுபடக் கூடாது, விடுபட்டால் அம்மன் அந்த வீட்டைப் பார்க்க மாட்டாள். ஓட்டைச் சொம்பு, நசுங்கின குடம், கருகின கம்பி எல்லாம் வந்து குவிந்தது. பொத்தல் விழாமல் வார்க்கிறவள் துளசிமணி ஒருத்திதான் என்பதால் அவள் பொடக்காளிக்கே வந்தது.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அம்மனுக்கு என்று சொல்லிவிட்டார்களே. அம்மன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, அதுவரைக்கும்.

செம்பு உருகி, கரித்தூள் போர்த்தி, பச்சைக் குச்சியை ஒடித்துக் கையில் வைத்திருந்த நேரம், வெள்ளை வேட்டி சரசரக்க முதலாளியே வந்து நின்றார். அவர் குரல் பஞ்சாமிர்தத்தில் ஊறவைத்த குரல். அதட்டத் தெரியாது, வழுக்கத்தான் தெரியும்.

"என்ன அம்முணி, நல்லா வருதா? நம்ம பொண்ணு எப்படி இருக்குது? என்ன பண்றது சொல்லு, இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு அந்தப் போன்தான் எமன். ஆறுச்சாமி சொல்லி அழுவறான். அட, கட்டைவிரல் இருக்குதல்ல, போன் பாக்க அது போதும், மனசத் தேத்திக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, தன் வேடிக்கைக்குத் தானே சிரித்து, செம்பைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

துளசிமணி வாயைத் திறக்கவில்லை. செம்பு உருகும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்து படித்த வாய். அவர் செருப்புச் சத்தம் வீதிக்கோடி போய் அடங்கும்வரை நின்றாள். அப்புறம் கரித்தூளை ஒதுக்கினாள். குனிந்தாள். புருவம் பொசுங்குகிற அளவுக்குக் குனிந்து, அத்தனை வீட்டுச் செம்பும் ஒன்றாகச் சுழன்றுகொண்டிருந்த அந்த மூசைக்குள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"பிரஸ்ஸுக்குக் கம்பியக் கழட்டச் சொன்னது யாரு?"

செம்பு அதைக் குடித்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து, மேலே லேசாக ஓர் அலை எழும்பி அடங்கியது, ஏப்பம் விட்ட மாதிரி. அவள் பச்சைக் குச்சியை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்து எறிந்தாள். கிண்டவில்லை. பாஸ்பரஸ் போடவில்லை. சொட்டுவிட்டுப் பார்க்கவில்லை. அப்படியே தூக்கி அச்சில் ஊற்றினாள். ஊற்றுவாயில் நின்ற செம்பு பூரி மாதிரி உப்பியது; அதைச் சுத்தியலால் தட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தேய்த்து மினுக்கிக் கொடுத்துவிட்டாள்.

கும்பாபிஷேகம் நடந்தது, கருடன் வந்தது, ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் உச்சிவெயில் கலசத்தின் மேல் ஏறினதும், கலசம் பேசியது.

துளசிமணியின் குரலேதான். "பிரஸ்ஸுக்குக் கம்பியக் கழட்டச் சொன்னது யாரு?"

வெயில் இறங்கும்வரை அதே கேள்வி. சாயங்காலம் செம்பு குளிர்ந்ததும் அடங்கியது. அடுத்த நாள் வெயில் ஏறினதும் மறுபடி.

முதல் நாள் வீதி வாயைப் பிளந்து நின்றது. இரண்டாம் நாள் பூசாரி நஞ்சப்பன் தேங்காய் உடைத்து, "அம்மன் ஏதோ உத்தரவு கேக்குறாளுங்க," என்றார். என்ன உத்தரவு என்று யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் மழை வந்ததால் கலசம் பேசவில்லை, அப்போது இரண்டொருத்தர், "என்னமோ மாதிரி இருக்குதுங்க, சத்தமே இல்லாம," என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான், பழகிவிட்டது.

கழுதைக்கும் ஒரு மாதமாகும் பழக. இவர்களுக்கு ஒரு வாரம் ஆகவில்லை. கலசம் கத்த ஆரம்பித்தால் உச்சிவேளை என்று பெண்கள் சோறு வடித்தார்கள். "அட, கம்பி கத்திருச்சு, சோத்துக்குப் போலாம்," என்று பிரஸ் ஹாலிலேயே ஆட்கள் கை கழுவினார்கள். அதே பிரஸ் ஹாலில்! கம்பி இல்லாத அதே பிரஸ்ஸுக்கு முன்னால்! பிள்ளைகள் கல்லாங்காய் விளையாட்டுக்கு அதைப் பாட்டாக்கின. தாய்மார் அந்த ராகத்தில் தொட்டில் ஆட்டினார்கள். கல்யாண முகூர்த்தங்களை வெயில் ஏறும் முன்னால் வைத்தார்கள், போட்டோக்காரருக்குத் தொந்தரவாம். வெளியூரிலிருந்து வேன் வைத்து வந்து அம்மனிடம் வாக்குக் கேட்டார்கள். பேபியக்கா அவர்களுக்கு வடை போட்டே மாடி எடுத்தாள். "உங்க ஊரு கலசம் என்னங்க சொல்லுது?" என்று வேன்காரர்கள் கேட்டால், அவள் மந்தமான காதைத் தொட்டுக்காட்டி, "அது சாமி பாசைங்க. நமக்குத் தெரியாது," என்பாள்.

தெய்வசிகாமணி முதலாளி தினமும் உச்சிவேளையில் கலசத்தைப் பார்த்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பக்தி என்றால் அது பக்தி.

துளசிமணி பொடக்காளியில் நின்று தன் குரலைத் தானே கேட்டாள். வீடு வீடாகப் போய்க் கேட்டால் கேக்கலீங்க என்றார்கள். கோபுரத்தின் மேலேறி, அம்மன் தலையில் உட்கார்ந்து, வெயிலெல்லாம் கத்தினால் சோற்றுக்கு நேரமாச்சு என்கிறார்கள். அவளுக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு உலையில் கரி போடாமலே கம்பி சிவந்தது. "இந்த வீதிய அப்படியே மூசையில போட்டு உருக்கோணும்!" என்றாள்.

"உருக்குனாலும் பொத்தலாத்தான் வரும்," என்றாள் மேகலா, இடது கையால் கோணல்மாணலாக வெங்காயம் நறுக்கியபடி. "உள்ளுக்குள்ள அத்தன அமுக்கி வெச்சிருக்குதுக."

இப்படியே போயிருக்கும், மோட்டார் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வராமல் இருந்திருந்தால். அவர்கள் உச்சிவேளையில் காரை விட்டு இறங்கினார்கள். கலசம் அன்றைக்கென்று நல்ல தொண்டையில் இருந்தது.

அது என்ன சொல்கிறது என்று வந்தவர்களில் ஓர் அம்மாள் கேட்டாள். "பிரேயருங்க மேடம்," என்றான் மொழிபெயர்க்க வந்த பையன். பிரார்த்தனை கேள்வி மாதிரி முடிகிறதே என்றாள் அவள். "எங்க அம்மன் கொஞ்சம் கேள்வி கேக்கற அம்மன், மேடம்," என்றான் அவன், வேர்த்து ஊற்றியபடி. அந்த அம்மாள் நேராகப் பிரஸ் ஹாலுக்குப் போனாள், பிரஸ் தலையின் இரண்டு பக்கமும் காலியாக இருந்த திருகாணி ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தாள், மறுபடி வெளியே வந்து கலசத்தை அண்ணாந்து பார்த்தாள். அடுத்த மாதம் திரும்ப வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். முதலாளி அன்று கலசத்தைக் கும்பிடவில்லை.

சாயங்காலமே திருப்பணிக் குழு கூடி துளசிமணி வீட்டு வாசலில் நின்றது. முதலாளி பேசினார், பஞ்சாமிர்தம் வழிந்தது.

"அம்முணி, யாரு மேலயும் கொறை இல்ல. கொறை செம்பு மேலதான். உள்ள மூச்சு நின்னுபோச்சாம். கலசத்த எறக்கியாறோம். நீயே உருக்கு, நீயே பச்சக் குச்சி போட்டுக் கிண்டு, நீயே ஊத்து. இந்தத் தடவ நாங்களும் கூட இருந்து பாத்துக்கறோம்."

"சுத்தமா எல்லா மூச்சும் போயிரோணும்," என்றார் ஆறுச்சாமி. "துளி சத்தம் இருக்கக் கூடாது."

துளசிமணி அவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உள்ளே போனது வெளியே வந்துதானே ஆக வேண்டும்; வெளியே வந்தால் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, மாசிலாமணி பின்னாலிருந்து விடு அம்முணி சொல்லவில்லை.

"சரிங்க," என்றாள். "எல்லாரும் வாங்க. ஒருத்தர் விடாம வந்து பாருங்க."

கலசத்தை இறக்கிச் சம்மட்டியால் உடைத்தபோது ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தாகக் கத்தியது. உள்ளே தேன்கூடு மாதிரி பொத்தல். துளசிமணி அதை மூசையில் போட்டு உலை மூட்டினாள். ஆனிக் காற்று மேற்கேயிருந்து சுழற்றிக்கொண்டு வந்தது. குழுவினர், சூப்பர்வைசர், பூசாரி, பேபியக்கா, பிரஸ் ஹால் ஆட்கள் எல்லாரும் வந்து நிறைந்தார்கள். துளசிமணி நாற்காலிகளைத் தூக்கிவந்து உலைக்குக் கிழக்கே வரிசையாகப் போட்டாள்.

"இந்தப் பக்கமா உக்காருங்க. இங்கதான் நல்லாத் தெரியும்."

மாசிலாமணி நாற்காலிகளைப் பார்த்தார். காற்றைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "அம்முணி, பொகை அந்தப் பக்கந்தான..." என்றார். அவள் இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். பிறகு தானாக நடந்துபோய், கிழக்கு வரிசையில், எல்லாருக்கும் முன்னால் போய் நின்றுகொண்டார்.

செம்பு உருகியது. கரித்தூள் போர்த்தினாள். புங்கங்குச்சியை ஒடித்தாள், இலைகூட உருவவில்லை. மூசைக்குள் விட்டுக் கிண்டினாள்.

செம்பு பொங்கியது. ஒவ்வொரு குமிழும் வெடிக்கும்போது ஓர் எழுத்து வெளியே வந்தது: கம், பி, யக், கழ, ட்ட. பச்சைத் தீ நாக்கை நீட்டியது. எழுத்தெல்லாம் புகையாகி, புகையெல்லாம் திரளாகி, ஆனிக் காற்றின் முதுகில் ஏறிக் கிழக்கு வரிசைக்குள் புகுந்தது. இருமினார்கள். கண்ணைக் கசக்கினார்கள். "அட கெரகமே," என்றார் பூசாரி. யாரும் எழுந்து போகவில்லை. எழுந்தால் நாற்காலி போய்விடும் என்கிற பயம். துளசிமணி பல்லைக் கடித்துக் கிண்டினாள், மேக்கால வாங்க என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கிக் கிண்டினாள்.

தெய்வசிகாமணி முதலாளி மட்டும் பட்டுக்கரைத் துண்டை நான்காக மடித்து மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்திக்கொண்டார். "எனக்கு ஈசினோபீலியா," என்றார் துண்டுக்குள்ளிருந்து. புகை அவரைச் சுற்றிப்பார்த்துவிட்டுப் போய்விட்டது. துளசிமணி அதைக் கண்டாள். யாருக்குப் போக வேண்டுமோ அந்தத் தொண்டைக்கு மட்டும் போகவில்லை. அந்த இடத்திலேயே குச்சியை வீசிவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

பாஸ்பரஸ் செம்பைப் போட்டாள். சொட்டுவிட்டுப் பார்த்தாள். நடுவில் அழகாகக் குழிந்தது. ஊற்றினாள். பொத்தல் இல்லாத, அப்பழுக்கில்லாத, வாயில்லாத கலசம் வந்தது.

விடிந்தால் மறு கும்பாபிஷேகம். காலையில் மாசிலாமணி சூடான காப்பியை ஒரு மடக்கு குடித்தார். சர்க்கரை பத்தலை என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"பிரஸ்ஸுக்குக் கம்பியக் கழட்டச் சொன்னது யாரு?"

மீசைக்கு அடியிலிருந்து பெண்டாட்டியின் குரல் வந்தது. அவரே பயந்து வாயைப் பொத்தினார். மேகலா வெடித்துச் சிரித்தாள். விரல் போனதிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. மாசிலாமணி மகளைப் பார்த்தார், கையை மெல்ல எடுத்தார், டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிச்சக் காப்பியை ஒரே மூச்சில் சுடச்சுடக் குடித்து, இன்னும் ஒரு தடவை கேட்டார். இந்தத் தடவை எழுந்து நின்று கேட்டார்.

"சூடு பட்டா வருது," என்றாள் துளசிமணி மெதுவாக. "கலசத்துக்கு வெயிலு பட்ட மாதிரி." பிறகு, "மேகலா, பொடவ மாத்து. கோயிலுக்குப் போறோம்."

காலைக் குளிரில் கலசம் ஏறியது. அப்புறம் மேடையில் முதலாளி மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடுகிற ஆளா? வெயில் ஏற ஏறப் பேசினார். யாக குண்டம் எரிந்துகொண்டிருந்தது, பூசாரி முகம் தக்காளியாகச் சிவந்தது, அன்னதானப் பந்தலில் பேபியக்கா கொதிக்கிற சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள், ஆறுச்சாமி முதலாளிக்குக் குடை பிடித்துத் தான் வெயிலில் நின்றார். உச்சி வந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கலசம் சும்மா மின்னியது. ஒரு சத்தம் இல்லை.

"பாத்தீங்களா," என்றார் முதலாளி மைக்கில், கண்கலங்கி. "அம்மன் சாந்தமாயிட்டா. நம்ம ஊருக்கு இனி..."

"பிரஸ்ஸுக்குக் கம்பியக் கழட்டச் சொன்னது யாரு?"

குடைக்கு அந்தப் பக்கமிருந்து. ஆறுச்சாமி ஆமாங்க என்றுதான் சொல்ல நினைத்தார். குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரலிடுக்கு வழியாக மறுபடி வந்தது.

பூசாரி மந்திரத்தைத் தொடர வாயைத் திறந்தார், மந்திரம் வரவில்லை, கேள்வி வந்தது. சாம்பார்ச் சட்டிக்கு மேலிருந்து பேபியக்கா கேட்டாள். குழுச் செயலாளர் கேட்டார், பொருளாளர் கேட்டார். பிரஸ் ஹால் ஆட்கள் முதலில் பல்லைக் கடித்து அடக்கினார்கள், அடக்கினால் வயிறு உப்பியது, வேறு வழியில்லாமல் கேட்டார்கள். எல்லாம் துளசிமணியின் குரல். தாடிக்குள்ளிருந்தும் வெற்றிலை வாய்க்குள்ளிருந்தும் கட்டின பல்லுக்குள்ளிருந்தும் ஒரே குரல். மாசிலாமணி ஒருத்தர்தான் மனசோடு கேட்டார், கழுத்து நரம்பு புடைக்க. துளசிமணி மட்டும் வாயே திறக்கவில்லை. அவளுக்கு இனித் தேவையில்லை.

அந்த வீதியில் சொந்தக் குரல் மிச்சமிருந்த ஒரே பெரிய மனுசர் மேடையில் நின்றார். அந்தக் கேள்வியைக் கேட்க முடியாத ஒரே தொண்டை. கேட்க முடியாத தொண்டைக்குப் பதில் சொல்வதைத் தவிர வேறு வேலை என்ன இருக்கிறது? அவர் பேச்சை மாற்றிப் பார்த்தார், "அன்னதானம் தயாரா..." என்றார், கூட்டத்திலிருந்து கேள்வி வந்தது. "ஓம் சக்தி" என்றார், கேள்வி வந்தது. இறங்கப் பார்த்தார், படியில் ஆறுச்சாமி நின்று, கண்ணில் தண்ணீர் வழிய, அந்தத் தடவை பொய்த் தண்ணீர் இல்லை, அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

முதலாளி மைக்கைக் கீழே இறக்கினார். பொத்தானைக் கீழே தள்ளி அணைத்தார். பஞ்சாமிர்தமெல்லாம் வற்றிப்போன குரலில், சட்டைப் பொத்தானுக்குச் சொல்வது போல, உதட்டை அசைத்தார்.

"நாந்தான்."

கேள்வி சட்டென்று நின்றது. அத்தனை பேர் முகத்திலும் ஆறின செம்பில் விழுகிற குழி மாதிரி ஒன்று விழுந்தது. முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருந்தது. முன்வரிசை தலையைக் குனிந்துகொண்டது, இனி வீட்டுக்குப் போய்விடலாம் என்பது போல.

மேகலா மேடை ஏறினாள். படியில் நின்ற ஆறுச்சாமி ஒதுங்கினார். அவள் முந்தானைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்க, மிச்சமிருந்த அந்தக் கட்டைவிரலால் மைக்கின் பொத்தானை மேலே தள்ளினாள். கோயில் முழுக்க 'கொய்ங்' என்றது. மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"கேக்கலீங்க, மொதலாளி," என்றாள். "மைக்குல சொல்லுங்க."